பனி கடித்த கால்

என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த அன்று நான் முதலில் பார்த்தது அவர் முகத்தை இல்லை, நடையை. இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் ரயில் ஒரு நிமிஷம் நின்று போகிற நிறுத்தத்தில் இறங்கி, மணலில் நடந்து வந்துகொண்டிருந்தார். ஆடி மாதம். தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கிற நேரம். அந்த வெக்கையிலும் கனத்த பூட்ஸ் போட்டிருந்தார். இடது காலை நேராக ஊன்றாமல், பக்கவாட்டில் வைத்து வைத்து வந்தார். மணலில் எல்லாருமே கொஞ்சம் சாய்ந்துதான் நடப்போம். ஆனால் இது அந்தச் சாய்வு இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சுதந்திரம் வந்த மறு வருஷம் போனவர். மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தும் கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வள்ளம் கரையை விட்டு நகர்ந்ததுமே குடலைப் புரட்டிக்கொண்டு வரும். ஊரில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு தாங்காமல்தான் எங்களுக்குக் கல்யாணமான நாற்பதாம் நாள் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்தில் போய் நின்றார். வடக்கே மலைகளில் சாலை போடுகிற பிரிவு என்று கடிதம் வந்தது. நான் மண்டபத்துப் பக்கம் பிறந்தவள். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். அவர் கடிதங்களை நானே படித்து நானே பதில் எழுதினேன். மூன்றாவது வருஷம் ஏழெட்டு மாதம் கடிதமே இல்லை. அப்புறம் ஒன்று வந்தது, வேறு யாரோ எழுதினது. 'ஆசுபத்திரியில் இருக்கிறேன், பயப்படாதே' என்று இருந்தது. என்ன நோவு என்று ஒரு வார்த்தை இல்லை. தன் கையால் ஏன் எழுதவில்லை என்ற கேள்வி அப்போதே எனக்குள் விழுந்துவிட்டது.

"பூட்ஸக் கழட்டுங்க, தண்ணி வச்சிருக்கேன்" என்றேன்.

"இருக்கட்டும் புள்ள" என்றார்.

இரண்டு நாள் கழற்றவில்லை. தூங்கும்போதும் காலில் கம்பளி உறை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு யாரும் போவதில்லை. வாசலில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு குனிந்து கழற்றினார். இடது காலில் மூன்று விரல் இல்லை. நடுவிரலும் அதற்குப் பக்கத்தில் சின்ன விரல்கள் இரண்டும் இருந்த இடம் வழுவழுவென்று சிவந்து, தோல் இழுத்துக் கட்டினது போலக் கிடந்தது. கயிற்றை அவிழ்த்த இடது கையைப் பார்த்தேன். இரண்டு விரலுக்கு நுனி இல்லை. வந்ததிலிருந்து அந்தக் கையை மடக்கியே வைத்திருந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எனக்குப் பின்னால் அவருடைய அக்கா நின்றுகொண்டிருந்தார். நான் மதினி என்று கூப்பிடுவேன். தாய் தகப்பன் போனபின் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். புருசனையும் கடலில் விட்டுவிட்டுக் கருவாடு போட்டுப் பிழைத்தவர். எங்கள் குடிசைக்கு அடுத்த குடிசை. கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தாள்.

"ஏலே, வெரலு எங்கடா?" என்றார் மதினி.

"பனி கடிச்சிருச்சுக்கா."

"பனி கடிக்குமா? என்னலே பேசுற?"

எங்களுக்குப் பனி என்றால் மார்கழியில் ஓலைக்கூரையிலிருந்து சொட்டுகிறது, காயப்போட்ட வலையை நனைக்கிறது. அதிகம் போனால் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும். அது விரலைத் தின்னும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பூசை முடிந்து வெளியே வந்தபோது எல்லாருடைய கண்ணும் அவர் காலில்தான் இருந்தது. ஒருத்தரும் வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. பெருவியாதி, குஷ்டம்.

அவரிடம் பட்டாளத்தில் கொடுத்த ஒரு காகிதம் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதியது. எங்கள் ஊரில் அதை வாசிக்கக்கூடியவர் கோயில் உபதேசியார் ஒருவர்தான். ஊர்க்காரர்கள் பத்துப் பேர் சுற்றி நிற்க, அவர் விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தடவி வாசித்து, "கடுங்குளிரினால் விரல்கள் அழுகி எடுக்கப்பட்டன என்று போட்டிருக்கு" என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் கேட்டவர்கள் காதில் குளிர் விழவில்லை, அழுகல் மட்டும் விழுந்தது. 'அழுகிப்போச்சாம், காயிதத்துலயே போட்டிருக்காம்' என்று அன்று சாயங்காலத்துக்குள் பாம்பன் வரைக்கும் போய்விட்டது.

மறுநாள் மதினி எங்களுக்கு மீன் கொடுத்தனுப்பின சட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "நீயே வச்சுக்க" என்றார். சவரம் செய்கிறவர், கத்தி மழுங்கிக் கிடக்கிறது என்று மூன்று வாரம் சொன்னார். கோயிலில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் பாய் காலியாகக் கிடக்கும். யாரும் சண்டை போடவில்லை, ஏசவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஏசினால் பதில் சொல்லலாம்.

ஊரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் நம்பவில்லை. என் பாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போட்டேன். கூரை ஒழுகுகிறது என்று காரணம் சொன்னேன். என் பிறந்த ஊரில் ஒரு பெண்பிள்ளை, அந்த வியாதி வந்த இடத்தில் ஊசியால் குத்தினாலும் உறைக்காது என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒருநாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுப் படுத்திருந்தபோது தையல் ஊசியை எடுத்துக்கொண்டு காலடியில் உட்கார்ந்தேன். விரல் இல்லாத அந்த ஓரத்தில் மெல்லக் குத்தினேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஒரு பொட்டு ரத்தம் வந்தது. அவர் மூச்சு மாறவே இல்லை. கணுக்காலில் குத்திப் பார்த்தேன். கால் படக்கென்று இழுத்துக்கொண்டது. இது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. பாதி நோயா, பாதி இல்லையா? அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை குத்திப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே மாதிரிதான்.

அவர் சொல்கிற எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற நிலைக்கு வந்துவிட்டேன். தினமும் காலையில் எங்கேயோ போய்விட்டு வெயில் ஏறினபின் வந்தார். ஒருநாள் பின்னாலேயே போனேன். ஊருக்குத் தெற்கே தென்னை உயரத்துக்கு ஒரு மணல்மேடு உண்டு. அதன் உச்சியில் உட்கார்ந்திருந்தார். கையால் மணலைத் தோண்டி, ஒரு பக்கம் சுவர் மாதிரி சீவி, அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்ஸ் பக்கத்தில் கிடந்தது. புத்தியும் போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன்.

"இங்கன என்ன செய்றீங்க?"

திரும்பிப் பார்த்தார். நான் பின்னாலேயே வந்ததைக் கண்டுகொண்டார்.

"இங்க வா. இதப் பாரு. கீழ ஈர மணல். அதுக்கு மேல காஞ்சது. ரெண்டும் ஒட்டல பாத்தியா? அங்கயும் இப்படித்தான்."

அன்றுதான் முதல் தடவையாக அந்த மலையைப் பற்றி எனக்குச் சொன்னார். அங்கே பனி, மழை மாதிரிப் பெய்யாமல் இலவம்பஞ்சு மாதிரி மிதந்து மிதந்து விழுமாம். விழுந்தது கரையாமல் கிடக்குமாம். ஆறு மாதம் கிடக்கும், முழங்கால் அளவு, இடுப்பளவு, வீட்டளவு. பகல் வெயிலில் மேல் பக்கம் இளகி, குளிரில் உப்புப் பாத்தி மாதிரி இறுகிவிடும். அப்புறம் அதன்மேல் புதுசு விழும். புதுசு பழசோடு ஒட்டாது.

"காத்தடிக்கிற பக்கம் பயமில்ல புள்ள. காத்து அங்கருந்து அள்ளிக்கிட்டுப் போயி மறுபக்கம் கொட்டும். அந்தப் பக்கம் பாக்க அழகா, வழுவழுன்னு இருக்கும். காத்தும் அடிக்காது. அங்கதான் எல்லாரும் ஒதுங்கப் பாப்பாங்க. அங்கதான் ஆபத்து இருக்கு."

"அது என்ன செய்யும்?"

"விட்டுட்டு வரும். மலையோட தோலு உரியுற மாதிரி. அதுக்கு முந்தி காலுக்கடியில ஒரு சத்தம் கேக்கும். தொம்முன்னு. கூரையில தேங்கா விழுந்தாப்ல. அது கேட்டா நிக்கக் கூடாது."

சத்தம் போட்டுப் பேசினால் விழும் என்று புதிதாக வந்த பிள்ளைகள் பயப்படுவார்களாம். அது பொய், பேச்சுக்கு விழாது, கால் வைத்தால்தான் விழும் என்றார். அந்த மலை ஊர்க்காரர் ஒருவர் அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தாராம். சரிவைக் கடக்கும்போது ஒவ்வொருவராகத்தான் போகச் சொல்வார், ஒருத்தர் அந்தப் பக்கம் சேர்ந்தபின்தான் அடுத்தவர். முதுகு மூட்டையின் வாரை அவிழ்த்துவிட்டுத்தான் நடக்கச் சொல்வார். வெயில் ஏறுவதற்குள் கடந்துவிட வேண்டும் என்பார்.

"அன்னைக்கு எப்படி விழுந்துச்சு?" என்று கேட்டேன்.

"அஞ்சு பேரு போனோம். வந்து மூடிருச்சு. ஒரு கால்ல பூட்ஸ உருவிக்கிட்டுப் போயிருச்சு. நான் கைய மூஞ்சிக்கு முன்னால வச்சுக்கிட்டதால மூச்சுக்கு எடமிருந்துச்சு. முகாம்ல இருந்தவங்க வந்து தோண்டி எடுத்தாங்க. அப்புறம் நானும் அவங்களோட சேர்ந்து தேடுனேன். வெறுங்கால்னு தெரியவே இல்ல. ரெண்டு பேரு கெடச்சாங்க. ரெண்டு பேரு பனி கரைஞ்சு பங்குனி சித்திரையிலதான் கெடச்சாங்க."

எல்லாம் பொருந்தி வந்தது. ஆனால் 'எப்படி விழுந்தது' என்று நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. கண்ணைக் கடலுக்குத் திருப்பிக்கொண்டார். எதையோ மறைக்கிறார் என்று நினைத்தேன். பட்டாளத்தை விட்டு ஓடி வந்துவிட்டாரோ? கதையையே கட்டிச் சொல்கிறாரோ?

ஐப்பசியில் வாடைக் காற்று பிடித்தது. வடக்குக் கடல் கொந்தளித்து, வள்ளங்களை எல்லாம் தெற்குக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கார்த்திகையில் ஒரு புயல் அடித்தது. எங்கள் ஊருக்குப் பெரிய சேதம் இல்லை, ஆனால் கடல் ஏறி வந்து குடிதண்ணீர்க் கிணற்றில் புகுந்துவிட்டது. தண்ணீர் உவர்த்துப்போய் வாயில் வைக்க முடியவில்லை. அதனால் பெண்கள் மணல்மேட்டின் அடியில் ஊற்றுத் தோண்ட ஆரம்பித்தார்கள். மணலைக் கையால் அள்ளி இடுப்பளவுக்குக் குழி பறித்தால் அடியில் தெளிந்த தண்ணீர் கசியும். மழை பெய்த வருஷம் அது இளநீர் மாதிரி இருக்கும். சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும்.

வாடை உடம்பைக் குத்தும், மணலையும் கண்ணில் அடிக்கும். அதனால் காற்றுக்கு மறைவான தென்மேற்குப் பக்கத்தில்தான் எல்லாரும் தோண்டினார்கள். நானும் குடத்தோடு போனேன். என்னைக் கண்டதும் மதினி, "நீ அங்கன தனியாத் தோண்டிக்க தாயி" என்றார். முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு மணலைப் பறித்தார்கள். நான் நூறடி தள்ளி, காற்றடிக்கிற வெட்டவெளியில் ஒரு குழி தோண்டினேன். அதில் கிடைத்த தண்ணீர் கொஞ்சம் கலங்கல்தான்.

வீட்டில் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "எந்தப் பக்கம் தோண்டியிருக்காங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். எழுந்து போய்விட்டார்.

அந்தப் பெண்களிடம் போய் நின்று, "இங்கன தோண்டாதீங்க. மேல பாருங்க, காத்து கொண்டாந்து கொட்டிக்கிட்டே இருக்கு. மழ ஈரத்துல பிடிச்சுக்கிட்டு நிக்கிது. நாலு நா வெயிலடிச்சா விட்டுரும். அந்தப் பக்கம் வாங்க" என்றாராம். அந்தப் பக்கம் என்று அவர் காட்டியது என் குழி இருந்த இடம்.

வினை அங்கேதான். "பொண்டாட்டிய ஒதுக்கிட்டோம்னு வயித்தெரிச்சல். நம்மள வெரட்டிட்டு நல்ல ஊத்த அவ எடுத்துக்கணும்" என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி, "அவன் கை வச்ச தண்ணியக் குடிச்சுப் பாக்கச் சொல்றான்" என்றாள். மதினிகூட, "போலே, போயி உன் சோலியப் பாரு" என்று விரட்டினார். அவர் தை மாதம் முழுக்கத் தினம் போய்ச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர்களுக்குச் சந்தேகம்தான் கூடியது. இவ்வளவு பிடிவாதமாக ஒருவன் சொன்னால் அவனுக்கு அதில் ஏதோ இருக்கிறது. நானே அவரிடம், "உங்களுக்கு என்ன வந்துச்சு? விடுங்க" என்று சொன்னேன்.

மழை விட்டுப் பளீரென்று வெயிலடித்து ஐந்தாறு நாள் ஆகியிருந்தது. பத்துப் பதினொரு மணி இருக்கும். நான் என் குழியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன். தொம்மென்று ஒரு சத்தம் கேட்டது, பெரிதாகக்கூட இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். மேட்டின் அந்தப் பக்கம் முழுசும் ஒரே பலகை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். ஓடினவர்களை எண்ணினோம். மதினி இல்லை. அவர் அப்போது குழிக்குள் இறங்கி, குனிந்து மொண்டுகொண்டிருந்திருக்கிறார்.

எல்லாரும் மேட்டில் ஏறிக் கையால் பறிக்கப் போனார்கள். அதற்குள் என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். அப்படி அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"மேல யாரும் ஏறாதீங்க! இன்னும் வரும்! எறங்குங்க!"

அந்தக் குரலுக்கு எல்லாரும் இறங்கிவிட்டார்கள். பட்டாளத்துக் குரல் அது.

"அக்கா எங்கன நின்னுச்சு?"

ஆளுக்கொரு இடத்தைக் காட்டினார்கள். மேடு உருவே மாறிப்போய்க் கிடந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் தள்ளி இருந்து பார்த்தவள். பின்னால் இருந்த பனைமரத்துக்கு நேராக மதினியின் குழி இருந்தது எனக்கு நினைவிருந்தது. காட்டினேன்.

"அதுக்கும் அஞ்சாறு அடி கீழ பாக்கணும், தள்ளிக்கிட்டு வந்திருக்கும்" என்றார். கரையிலிருந்து வலைக் கழிகளைக் கொண்டுவரச் சொன்னார். ஒல்லியான மூங்கில் கழிகள். எங்களைத் தோளோடு தோள் வரிசையாக நிறுத்தினார். "மெல்ல எறக்குங்க. குத்தாதீங்க. மணல்னா கரகரன்னு எறங்கும், ஆளுன்னா மெத்துன்னு நிக்கும். இல்லேன்னா ஒரு எட்டு முன்னால வைங்க. அழாதீங்க, அழுதா ஒண்ணும் கேக்காது."

மதினியின் மகள் என் பக்கத்தில் நின்று வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள். என்னைத் தொட்டுக்கொண்டுதான் நின்றாள். கழியை இறக்கினோம், எடுத்தோம், ஒரு அடி வைத்தோம். இறக்கினோம். நான்காவது தடவையா ஐந்தாவதா தெரியவில்லை, என் கழி முக்கால்வாசி இறங்கி, மெத்தென்று நின்றது.

"இங்கன!" என்று கத்தினேன்.

மேலிருந்து தோண்ட விடவில்லை அவர். கீழ்ப்பக்கத்திலிருந்து உள்ளே போகிற மாதிரித் துடுப்பாலும் தட்டாலும் வாரச் சொன்னார். அவரே குப்புறப் படுத்து, விரல் நுனி இல்லாத அந்தக் கையால் கடைசி மணலைப் பறித்தார். முதலில் மண்குடம் தெரிந்தது. மதினி குடத்தைக் கட்டிப் பிடித்தபடி, அதன் வாயில் முகத்தைப் புதைத்தபடி கிடந்தார். அந்தக் குடத்துக்குள் இருந்த காற்றுதான் அதுவரை அவருக்கு மூச்சு. முகம் நீலம் பாரித்திருந்தது. வாயிலிருந்த மணலை விரலால் வழித்து, குப்புறத் திருப்பித் தட்டினார். இருமல் வந்தது. ஒரு செபமாலையில் பாதி சொல்லியிருப்பேன் என்று பிறகு ஒருத்தி சொன்னாள். அவ்வளவு நேரம்தான் மணலுக்குள் கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்து தொங்கியது.

அன்று மாலைக்குள் எல்லாரும் அவர் காலில் விழுந்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். சில பேர் அழுதார்கள்தான். ஆனால் மதினியைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு ரயிலுக்குப் போகும்போதே பின்னால் ஒரு பேச்சு வந்துகொண்டிருந்தது. விழும் விழும் என்று சொன்னான், அதே மாதிரி விழுந்ததே, எப்படி? மேட்டு உச்சியில் காலடித் தடம் இருக்கிறது, விரல் இல்லாத தடம். விடிகாலையில் அவன் அங்கே ஏறியிருக்கிறான். கழியால் நெம்பி விட்டிருப்பான்.

அந்தத் தடத்தை நானும் பார்த்திருந்தேன். மணலில் வேறு யாருடைய காலும் அப்படிப் பதியாது.

பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போனது. மதினி வலியில் முனகிக்கொண்டு மகள் மடியில் கிடந்தார். நான் என் வீட்டுக்காரர் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காமல், "இன்னைக்குக் காலையில மேல போனீங்களா?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. "போனேன். வெடிப்பு விட்டிருக்கான்னு பாக்கப் போனேன். விட்டிருந்துச்சு. கயிறு மாதிரி நீளமா. எறங்கி வந்து அக்காகிட்டச் சொன்னேன். துப்பிட்டுப் போயிருச்சு." அப்புறம், "நீயும் அப்படித்தான் நெனைக்கிறியா புள்ள?" என்றார்.

மடியில் கிடந்த மதினிதான் கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "சொன்னான். காலையில வந்து சொன்னான். நாந்தான் கேக்கல."

இராமநாதபுரத்து ஆசுபத்திரியில் வயசான டாக்டர் ஒருவர் மதினியின் காலுக்குக் கட்டுப் போட்டார். வேலை முடிந்ததும் நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "இவுக காலையும் பாக்கணும் அய்யா" என்றேன். என் வீட்டுக்காரர் பின்வாங்கினார். டாக்டர் விடவில்லை. காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார், காது மடலைத் தடவினார், முழங்கையில் நரம்பை அமுக்கிப் பார்த்தார், உடம்பு முழுக்கத் திட்டு இருக்கிறதா என்று தேடினார். பஞ்சால் தொட்டு, 'தெரியுதா, தெரியுதா' என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீ பயப்படுற வியாதி இது இல்லம்மா. பனியில உறைஞ்சு செத்துப்போன விரல். அந்த ஓரத்துல நரம்பும் செத்துப்போச்சு, அதான் அங்க மட்டும் உணர்ச்சி இல்ல. யாருக்கும் ஒட்டாது" என்றார்.

"அத எழுதிக் குடுங்க அய்யா. தமிழ்ல எழுதிக் குடுங்க. அழுகல்ங்குற சொல்லு மட்டும் வேணாம்."

அவர் சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்தார்.

வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது ஊசி சமாச்சாரத்தைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"தெரியும்" என்றார். "கணுக்கால்ல குத்துனப்ப முழிச்சுக்கிட்டேன்."

"ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நான் சொன்னா நீ நம்பியிருப்பியா?"

அவர் மணலில் கோடு கிழித்துக்கொண்டே, நான் கேட்காமல் சொன்னார்.

"அன்னைக்கு எப்படி விழுந்துச்சுன்னு கேட்டியே. அந்த வழிகாட்டி, இன்னைக்குப் போக வேணாம், வெயில் ஏறிருச்சு, காலையில போவோம்னாரு. அந்தப் பக்கம் முகாம்ல சூடா சோறு இருந்துச்சு. மூணு நாளா காஞ்ச ரொட்டிதான் தின்னுக்கிட்டிருந்தோம். நாந்தான் சிரிச்சேன். கெழவனுக்குப் பயம், வாங்கடா போவோம்னு நாந்தான் சொன்னேன். எல்லாரும் ஒண்ணா எறங்குனோம். ஒருத்தரொருத்தராக்கூடப் போகல."

வந்ததிலிருந்து அவர் மறைத்து வைத்திருந்தது அதுதான். நான் எதையெல்லாமோ சந்தேகப்பட்டேன். இதை நினைக்கவே இல்லை. தை மாதம் முழுக்க ஏச்சுக் கேட்டுக்கொண்டு தினம் போய் அந்தப் பெண்களிடம் ஏன் நின்றார் என்பது அந்த மரத்தடியில்தான் எனக்குத் தெரிந்தது. அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். அன்றிலிருந்து என் பாயைத் தள்ளிப் போடவில்லை.

டாக்டர் எழுதிய காகிதத்தைப் பங்குச் சாமியார் பூசை முடிந்தபின் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். அடுத்த வருஷம் வாடை பிடித்ததும் ஊற்று எங்கே தோண்டலாம் என்று அவரைக் கேட்டுக்கொண்டு பெண்கள் வந்தார்கள். அவர் மேட்டில் ஏறி, கையால் பறித்துப் பார்த்து, ஒரு கழியை நட்டுவிட்டு வருவார். கழிக்கு அந்தப் பக்கம் யாரும் போக மாட்டார்கள். சவரக் கத்தியும் தானாகக் கூர்மையாகிவிட்டது.

அந்த மாசியில் எங்களுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்தன்று பந்தலில் இலை போட்டோம். மதினி கம்பை ஊன்றிக்கொண்டு வந்து முதல் இலையில் உட்கார்ந்து, "ஏலே, மீன் கொழம்பு ஊத்து" என்று தம்பியையே பரிமாறச் சொன்னார். வந்தவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கொஞ்சம் பேர் வெற்றிலை மட்டும் எடுத்துக்கொண்டு, வயிறு சரியில்லை என்றார்கள். அவர் காலடித் தடத்தை முதலில் ஊருக்குக் காட்டிய பெண் ஒருத்தி, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்லி, சோற்றையும் குழம்பையும் ஒரு தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போனாள். கழுவின தூக்கைத் திருப்பிக் கொடுத்து, "ருசியா இருந்துச்சு" என்று மறுநாள் சொன்னாள். சாப்பிட்டாளா, போகிற வழியில் கொட்டினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவும் இல்லை.